பொன்னழகு தின்னா ஜாங்கிரி இளைக்கும்

முட்டாளுங்க எல்லா ஊர்லயும் உண்டு. ஆனா தெருவுக்கு ஒண்ணு, குடும்பத்துக்கு ஒண்ணுன்னு சிதறிக் கெடப்பாங்க. அதனாலதான் நாடு ஏதோ ஓடுது. திண்டுக்கல்லுல கோணக்கெணறு காம்பவுண்டுல மட்டும் நாலு பேரு அடுத்தடுத்த ரூம்ல குடியிருந்தாங்க. தொழிலும் ஒரே தொழில். கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறுறது.

மூத்தவரு சிக்கந்தர் பாய். சாம்பார் வாளி அவரு கையில. எந்தப் பேச்சுக்கும் கடைசித் தீர்ப்பு சொல்றது அவருதான். அடுத்தது சவரிமுத்து. ரசம் ஊத்துவான், கணக்குல புலி. பத்தாவது கணக்குப் பரீட்சைய மத்தவனெல்லாம் ஒரே தடவ எழுதிட்டு ஓடிட்டான், சவரி நாலு தடவ எழுதுனவன். அனுபவம் யாருக்கு ஜாஸ்தின்னு நீங்களே பாத்துக்கங்க. மூணாவது மொக்கச்சாமி. தண்ணி பாட்டில் வைக்கிறதும், சந்தேகம் கேக்குறதும் அவன் வேலை.

நாலாவது நம்ம பொன்னழகு. அப்பளம் வைப்பான். "இலைக்கு ஒரு அப்பளம்"னு காண்ட்ராக்டர் ஒரு நாள் சொல்லிட்டாரு. அன்னைலருந்து ஆளே உக்காராத இலைக்கும் ஒண்ணு வச்சுட்டுப் போவான். கைப்புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, "புள்ளைக்கு இன்னொண்ணு குடுப்பா"ன்னு ஒரு அம்மா கேட்டா, புள்ளைக்கு இலை போடச் சொல்லுவான்.

பொன்னழகுக்குன்னு சொல்லிக்க ஒரு ஜீவன்தான். ஜாங்கிரி. மண்டபத்துக்குப் பின்னாடி எச்சி இலை கொட்டுற எடத்துல, வாயில ஒரு ஜாங்கிரியோட நின்னுக்கிட்டிருந்த செவலைக் குட்டி. இவன் பாத்தான், அது பாத்துச்சு, வாயில இருந்ததக் கீழ போட்டுட்டு இவன் பின்னாடி வந்துருச்சு. ஒரு நாயி ஜாங்கிரியவே வேணாம்னு விட்டுட்டு வருதுன்னா அதுக்கு மேல பாசத்துக்கு என்ன அத்தாட்சி வேணும். அன்னைலருந்து அது அவன் கட்டிலுக்கு அடியில படுக்கும், அவன் கட்டிலோட ஓரத்துல படுப்பான், அது எந்திரிச்சா தலை இடிக்குமேன்னு.

போன தடவ ஜாங்கிரி ஏழு குட்டி போட்டுச்சு. ஏழும் மொட்ட மாடிக்கு ஏறி, வீட்டுக்காரம்மா தனபாக்கியம் காயவச்சிருந்த வத்தல் வடாத்து மேல ஏழு விதமா நடந்துச்சுங்க. குட்டிங்களுக்கு எடம் பாத்துக் குடுத்து முடிச்ச அன்னைக்கு அந்தம்மா ஒரே ஒரு வார்த்த சொன்னாங்க. இன்னொரு தடவ இந்தக் காம்பவுண்டுல குட்டிச் சத்தம் கேட்டுச்சுன்னா நாயி வெளிய. பொன்னழகு அதக் கட்டிக்கிட்டு அழுதான்னா அவனும் வெளிய.

பொன்னழகுக்குச் சோறு எறங்கல. நாயில்லாத ரூமுக்கு வாடகை குடுக்கிறதுக்கு, ரூமே இல்லாத நாயோட பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கலாம்னு சொன்னான். நாலு பேரும் கூடி உக்காந்து பேசுனாங்க. கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா குட்டியே வராதுன்னு டீக்கடையில ஒருத்தரு சொன்னத மொக்கச்சாமி கேட்டுட்டு வந்திருந்தான்.

"ஆபரேஷன் வேணாம். தெருவுல கருத்தடை பண்ண நாய்க்கெல்லாம் காதுல ஒரு வெட்டு இருக்கும், பாத்திருக்கியா? காது வெட்டுன நாயி ஒண்ணாச்சும் குட்டி போட்டிருக்கா? காதுலதான் விசயம் இருக்கு" அப்படின்னான் சவரி.

சிக்கந்தர் பாய் தாடியத் தடவிக்கிட்டே யோசிச்சாரு. "அப்படிப் பாத்தா, காது குத்துன பொம்பளைங்க எல்லாம் புள்ள பெக்குறாங்களே?"

"குத்துறது வேற, வெட்டுறது வேற பாய்."

ஜாங்கிரியோட காதத் தொட்டா யாரோட காதும் இருக்காதுன்னு பொன்னழகு சொன்னதுனால அந்தத் திட்டம் அதோட நின்னுச்சு.

மிருக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டது சவரி. எடுத்த பொண்ணு தெளிவாத்தான் சொல்லுச்சு. நாயோட எடைக்குத் தக்க ரேட்டு. பத்துக் கிலோவுக்குக் கீழ இருந்தா ரெண்டாயிரத்தி ஐநூறு. பத்துலருந்து பதினஞ்சு வரைக்கும் மூவாயிரத்தி எரநூறு. பதினஞ்சுக்கு மேல போனா நாலாயிரத்தி எரநூறு. வர்ற மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு வாங்க, அதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியிருந்து சாப்பாடு தண்ணி எதுவும் குடுக்காதீங்க. கல்யாணச் சாப்பாடு திங்கிற நாயின்னு சொல்றீங்க, முடிஞ்சா எடையக் கொஞ்சம் கொறச்சுக் கூட்டிட்டு வாங்க, உங்களுக்கும் செலவு கொறையும்.

பொன்னழகுகிட்ட இருந்தது ரெண்டாயிரத்தி அறநூறு. டிப்ஸ் காசு, ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சது. மத்த மூணு பேருகிட்டயும் இருந்தது அறிவு மட்டும்தான். அதனால ஜாங்கிரி பத்துக் கிலோவுக்குக் கீழ இருந்தே ஆகணும்.

பஸ் ஸ்டாண்டு வாசல்ல எடை மெஷின் வச்சுக்கிட்டு ஒருத்தரு உக்காந்திருப்பாரு. ஆளுக்கு அஞ்சு ரூவா. நாயப் பாத்ததும் மெஷின மடியில தூக்கி வச்சுக்கிட்டாரு. இது மனுசன் ஏர்ற மெஷின், நாயி ஏறுனா நாளைக்கு எவன் ஏறுவான்னு கேட்டாரு. ஜாங்கிரியத் தூக்கிக்கிட்டு பொன்னழகு ஏறட்டும், அப்ப மெஷின் மேல மனுசன் காலுதான படும்னு சவரி சொன்னான். எடைக்காரருக்கு அது நியாயமாப் பட்டுச்சு. ஆனா பத்து ரூவா கேட்டாரு.

நாயோட ஏறுனப்ப எழுவத்தொம்போது. எறக்கி விட்டுட்டு ஏறுனப்ப அறுவத்தி ரெண்டு.

சவரி செல்போன எடுத்துத் தட்டுனான். "எழுவத்தொம்போதுல அறுவத்தி ரெண்டு போனா பதினேழு. ஜாங்கிரி பதினேழு கிலோ."

பொன்னழகு குனிஞ்சு ஜாங்கிரியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். பதினேழ ஒம்போது ஆக்கணும்னா எட்டுக் கிலோ. கண்ணு முன்னாடி நிக்கிற நாயப் பட்டினி போட அவனால ஆகாது. போன ஏகாதசிக்கு அவன் விரதம் இருந்தப்பவே, அது பாத்துச்சுன்னு மத்தியானம் ரெண்டு பேரும் சேந்து தின்னுட்டாங்க.

சவரி கால்குலேட்டரையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. நாலு தடவ பரீட்சை எழுதுனவனுக்கு மட்டும் வர்ற வெளிச்சம்.

"நாயி எதுக்குப் பட்டினி கெடக்கணும்? எழுவத்தொம்போதுங்கிறது மெஷின் சொன்னது, அத மாத்த முடியாது. அதுல பொன்னழகு எடையக் கழிச்சாத்தான நாயோட எடை? அப்ப கழிக்கிறத ஏத்துவோம். இவன் எழுவது ஆனான்னு வையி, எழுவத்தொம்போதுல எழுவது போச்சுன்னா எவ்வளவு?"

மொக்கச்சாமி வெரல விட்டு எண்ணி, "ஒம்போது" அப்படின்னான்.

"அவ்வளவுதான். பொன்னழகு தின்னா ஜாங்கிரி இளைக்கும்."

சிக்கந்தர் பாய் ரெண்டு கையையும் விரிச்சு, இவ்வளவு நாளு இந்த மூளைய ரசத்துக்குள்ள முக்கி வச்சிருந்தமேன்னு வருத்தப்பட்டாரு. எடைக்காரரு கிட்டக்கதான் உக்காந்திருந்தாரு. அவரும் தலையாட்டுனாரு. இனிமே தெனம் ஒருத்தன் அஞ்சு ரூவாயோட வருவான்ல.

வைகாசி மாசம். முகூர்த்தத்துக்குக் கொறைவில்ல. பொன்னழகு தின்ன ஆரம்பிச்சான். அவன் இயல்புல சாப்பாட்டு ராமன் கெடையாது. ரெண்டாவது சோத்துக்கே மோருக்குப் போற ஆளு. ஆனா பாசம் வந்துட்டா வயிறு என்ன பண்ணும். காலையில கேசரியும் போண்டாவும், பந்தி முடிஞ்சதும் வடை பாயசத்தோட முழுச் சாப்பாடு, பிரியாணிக் கல்யாணம்னா பாய் கைப்பட தாள்சாவோட ரெண்டு தட்டு. ஒவ்வொரு உருண்டைய உருட்டுறப்பவும், "இது உனக்காகத்தான் தாயி"ன்னு மேசைக்கு அடியில பாத்துச் சொல்லுவான். சொல்லிட்டு மனசு கேக்காம அந்த உருண்டைய அதுக்குக் குடுத்துட்டு, அடுத்த உருண்டைய இவன் திம்பான். அவனுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு. பட்டினி போடக்கூடாதுங்கிறதுதான திட்டமே.

நாலு நாளைக்கு ஒருக்கா பஸ் ஸ்டாண்டு. ஜாங்கிரியக் கூட்டிட்டுப் போறதில்ல. சேந்து ஏறுனா பத்து ரூவா, தனியா ஏறுனா அஞ்சு. எழுவத்தொம்போதுதான் தெரிஞ்ச விசயமாச்சே, தெரிஞ்சதுக்கு எவன் காசு குடுப்பான். அறுவத்தி நாலு ஆனான், ஜாங்கிரி பதினஞ்சு. அறுவத்தி ஏழு ஆனான், ஜாங்கிரி பன்னெண்டு. சவரி ஒவ்வொரு தடவையும் நம்பரச் சொல்றப்ப மூணு பேரும் கை தட்டுவாங்க. பொன்னழகுக்குக் கை தட்ட முடியாது, சட்டை அக்குள்ள பிடிச்சுக்கும்.

எழுவத்தி ரெண்டு வந்த அன்னைக்குத்தான் வெனை வந்துச்சு. மண்டபத்துக்குப் பின்னாடி உக்காந்து கடைசிப் பந்தி தின்னுக்கிட்டிருந்தாங்க. ஜாங்கிரி ஏழு கிலோன்னு சவரி அறிவிச்சு முடிச்சான். மொக்கச்சாமி சோத்தப் பெசயாம அப்படியே உக்காந்திருந்தான்.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். பொன்னழகு எழுவத்தொம்போது ஆயிட்டான்னா?"

சவரி தட்டுனான். தட்டிட்டு செல்போனத் திருப்பி வச்சான்.

"எவ்வளவு வருது?"

"ஒண்ணும் வரல."

"ஒண்ணும் வரலன்னா?"

"சைபர்."

"சைபர் கிலோவுல நாயி எப்படிண்ணே நிக்கும்?"

எண்பது ஆனா என்ன ஆகும்னு மொக்கச்சாமி அடுத்ததக் கேட்டான். மைனஸ் ஒண்ணுன்னு சவரி மெதுவாச் சொன்னான். மைனஸ் ஒண்ணுன்னா என்ன அர்த்தம்னு எல்லாரும் சிக்கந்தர் பாயப் பாத்தாங்க.

"நாயி இருக்காது. அதுக்கு மேல நாமதான் அதுக்கு ஒரு கிலோ தரணும்" அப்படின்னாரு பாய்.

பொன்னழகு கையில இருந்த உருண்டைய இலையிலயே வச்சான். மேசைக்கு அடியில பாத்தான். ஜாங்கிரி மல்லாக்கப் படுத்திருந்துச்சு. வயிறு பானை மாதிரி மேல நின்னுச்சு, மூச்சு மேலயும் கீழயும் வாங்குச்சு. கூப்பிட்டான். எந்திரிக்கப் பாத்துச்சு, முடியல. ஏழு கிலோவுல ஒடம்புல என்ன தெம்பு இருக்கும், எந்திரிக்க முடியலையேன்னு அவனுக்குக் கண்ணு ரெண்டும் நெறஞ்சிருச்சு. தான் முழுங்குன ஒவ்வொரு வடையும் அதோட ஒடம்புலருந்து பிச்சுத் தின்ன மாதிரி இருந்துச்சு.

அன்னைலருந்து பொன்னழகு சோத்தத் தொடல. சங்கிலியோட ஒரு முனைய அதோட கழுத்துலயும் இன்னொரு முனைய இவன் இடுப்புலயும் கட்டிக்கிட்டான், திடீர்னு இல்லாமப் போயிட்டா தெரியணும்ல. தன்னோட பங்கையும் சேத்து ஜாங்கிரிக்கே குடுத்தான். மூணு நாள்ல அவன் எழுபத்தொண்ணுக்கு வந்துட்டான். மத்த மூணு பேரும் பதறிட்டாங்க. இப்படியே போனா அறுபத்தொம்போது ஆயிருவான், நாயி பத்துக் கிலோவத் தொட்டுரும், மூவாயிரத்தி எரநூறு யாரு குடுக்கிறது.

"எழுவதுக்குக் கீழ எறங்கக் கூடாது, எழுவத்தி ரெண்டுக்கு மேல ஏறக் கூடாது. எறங்குனா காசு போயிரும், ஏறுனா நாயி போயிரும்" அப்படின்னு பாய் தீர்ப்பு சொன்னாரு.

அந்த ரெண்டு கிலோ சந்துல பொன்னழகு வெள்ளிக்கிழமை வரைக்கும் வாழ்ந்தான். ஒரு தம்ளர் தண்ணி குடிக்கணும்னாக்கூட சவரியக் கேட்டுட்டுத்தான் குடிச்சான்.

வெள்ளிக்கிழமை காலையில சிக்கந்தர் பாய் வாட்சக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. நாலு மணிக்கு ஆபரேஷன். ஆறு மணி நேரம் முன்னாடின்னா பத்து மணி. பத்துலருந்து எதுவும் குடுக்கக் கூடாது. அப்ப பத்து வரைக்கும் குடுக்காம இருந்தா அது நாம பண்ற பாவம்னாரு. முந்தின நாள் கல்யாணத்துப் பிரியாணி ஒரு போசி இருந்துச்சு. ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சாங்க. ஜாங்கிரி போதும்னு ரெண்டு தடவ நகந்து போயிருச்சு, ரெண்டு தடவையும் கூட்டிட்டு வந்தாங்க. பாய் "பத்து"ன்னு சொன்னப்ப வாயில இருந்த எலும்ப மொக்கச்சாமி வெளிய எடுத்துட்டான்.

ஆஸ்பத்திரியில டாக்டர் மேகலான்னு ஒருத்தங்க. சின்ன வயசு, நெதானமான ஆளு. ஒரு நாயோட நாலு பேரு வெள்ளைச் சட்டையில, தலையில தொப்பியோட உள்ள நொழைஞ்சப்பகூட ஒண்ணும் கேக்கல. அன்னைக்குச் சாயந்தரம் இவங்களுக்கு ஒரு வரவேற்பு இருந்துச்சு. அங்க மெஷின் தரையோட தரையா, பெரிய பலகை மாதிரி இருந்துச்சு. ஜாங்கிரியத் தனியா அதுல நிக்க வச்சாங்க.

"இருபத்தொண்ணு" அப்படின்னாங்க டாக்டர்.

நாலு பேரும் சிரிச்சாங்க, டாக்டர் தமாசு பண்றாங்கன்னு. அவங்க சிரிக்கலன்னதும் சவரி முன்னாடி வந்து போனக் காட்டுனான். எழுவத்தொம்போதுல எழுபத்தொண்ணு போனா எட்டு, நாயி எட்டுக் கிலோ, உங்க மெஷின்ல கூட ஆளு நிக்கலையே டாக்டர், ஆளு இல்லாம நாயோட எடை எப்படித் தெரியும்னான். டாக்டர் அவனையும் போனையும் மாறி மாறிப் பாத்தாங்க. அப்புறம் எப்படி இந்த எட்டு வந்துச்சுன்னு மொதல்லருந்து சொல்லச் சொன்னாங்க. சவரி சொன்னான். எழுவத்தொம்போது, அறுவத்தி ரெண்டு, வைகாசி, கேசரி, ரெண்டு கிலோ சந்து, ஒண்ணு விடாமச் சொன்னான். டாக்டர் பொன்னழகையே நாயத் தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறச் சொன்னாங்க. தொண்ணூத்தி ரெண்டு. எறக்கி விட்டுட்டு ஏறச் சொன்னாங்க. எழுபத்தொண்ணு.

"இப்பக் கழிங்க."

சவரி கழிச்சான். போன ஆட்டிப் பாத்துட்டு மறுபடியும் கழிச்சான். அப்புறம் அத மெதுவாப் பைக்குள்ள வச்சுட்டான்.

மொக்கச்சாமிதான் மொதல்ல பேசுனான். "அப்ப பொன்னழகு தின்னது எல்லாம் பொன்னழகுகிட்டயே இருந்திருச்சா?"

சிக்கந்தர் பாய் தொப்பியக் கழட்டிட்டாரு. சவரிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மூளை பாக்கி இருந்துச்சு. ரேட்ட ஆபரேஷனுக்கு அப்புறம் எடை போட்டுச் சொல்லுங்க டாக்டர்னு கேட்டான். கோழிக்கடையில சுத்தம் பண்ணிட்டுத்தான எடை போடுறாங்க, நீங்களும் உள்ள இருக்குறத எடுத்துட்டுப் போடுங்க. அப்படி எடுத்தாலும் நூறு எரநூறு கிராம்தான் கொறையும்னு டாக்டர் பொறுமையாச் சொன்னாங்க. இருபத்தொண்ணு கிலோவுக்கு நாலாயிரத்தி எரநூறுதான்.

பொன்னழகு ஹார்லிக்ஸ் பாட்டில மேசை மேல வச்சான். அதுல ரெண்டாயிரத்தி அறநூறுக்கு மேல இல்லன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, வெளியவே தெரிஞ்சுச்சு. ஆபரேஷன் இல்லன்னா அடுத்த பருவம் வரும், குட்டி வரும், தனபாக்கியம்மா வருவாங்க. அவன் ஜாங்கிரியோட தலைய வருடிக்கிட்டே டாக்டரப் பாத்தான்.

"நான் இவளுக்காகத்தான் தின்னேன் டாக்டர். என் ஆசைக்குன்னு ஒரு வாய் திங்கல. எப்படியாச்சும் இவளுக்குப் போயி சேந்துரும்னுதான் தின்னேன். ஒரு அப்பளம்கூட சேரலையா?"

டாக்டர் செவுத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டாங்க. தோளு ரெண்டும் குலுங்குச்சு. ரொம்ப நேரம் திரும்பல. படிச்சவங்களுக்கு எளகுன மனசு, அழட்டும் விடுன்னு சிக்கந்தர் பாய் மொக்கச்சாமி காதுல சொன்னாரு. டாக்டர் கண்ணத் தொடச்சுக்கிட்டுத் திரும்பி, பாட்டில்ல இருக்குறது போதும், மிச்சம் ஆயிரத்தி அறநூறும் எனக்கு வேணாம்னாங்க. நாலு வருசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில இப்படி ஆச்சுன்னாங்க. எப்படின்னு சொல்லல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு. ரெண்டாம் நாள் ஜாங்கிரியக் கழுத்துல ஒரு பிளாஸ்டிக் புனலோட ஒப்படைச்சாங்க. கூடவே கருத்தடை பண்ணியாச்சுன்னு முத்திரை குத்துன சர்டிபிகேட்டு ஒண்ணு. தையலு ஆறுற வரைக்கும் பத்து நாளைக்கு ஆம்பள நாய் எதையும் கிட்ட வர விடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொன்னாங்க.

"சொல்லிடுறோம் டாக்டர்" அப்படின்னாரு சிக்கந்தர் பாய்.

யார்கிட்டச் சொல்றாருன்னு டாக்டரும் கேக்கல, அவரும் சொல்லல.

காம்பவுண்டுக்கு வந்து எறங்குனா கேட்டுக்கு வெளிய ஏழெட்டு ஆம்பள நாயி. மூணு நாளா ஜாங்கிரியக் காணோம்னு வந்ததோ, பந்திச் சட்டையில இருந்த பிரியாணி வாசத்துக்கு வந்ததோ, வந்து வரிசையா உக்காந்திருந்துச்சுங்க. தனபாக்கியம்மா பால்கனியிலருந்து பாத்தாங்க. ஆபரேஷன் பண்ணுன நாய்க்கு எதுக்குடா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க, எவனோ ஊசியப் போட்டு உங்கள ஏமாத்தி அனுப்பிட்டான்னாங்க. பொழுது சாயிறதுக்குள்ள இதுல ஒரு நாயி கேட்டுல இருந்தாலும், உள்ள இருக்குற நாயும் சேந்து வெளிய போகணும்னாங்க.

கல்லெடுத்து வெரட்டலாம்னு சவரி சொன்னான். பொன்னழகு வேணாம்னுட்டான். அதுங்க மேல என்ன தப்பு, விசயம் தெரியாம வந்து காத்துக் கெடக்குதுங்க. சிக்கந்தர் பாய்க்கும் அதேதான் தோணுச்சு. சர்டிபிகேட்டக் கையில எடுத்துக்கிட்டு கேட்டு முன்னாடி போயி நின்னாரு. தொண்டையச் செருமுனாரு. இங்கிலீசுல இருந்ததச் சவரி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சுச் சொல்ல, பாய் தமிழ்ல பலமா அறிவிச்சாரு. இதனால சகல நாய்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, ஜாங்கிரிங்கிற மேற்படி பெண் நாய்க்கு இந்த மாசம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, இனிமே யாரும் இங்க காத்திருக்க வேணாம், வேற எடம் பாத்துக்கலாம். முத்திரைய ஒவ்வொரு நாய்க்கும் கிட்டக்கக் கொண்டு போயி மொக்கச்சாமி காட்டுனான்.

கையில காகிதத்த வச்சுக்கிட்டு மனுசன் மொகத்துக்கிட்ட வந்தா எந்த நாயி உக்காந்திருக்கும். ஒண்ணொண்ணா எந்திரிச்சுப் போச்சுங்க. கறுப்பு போச்சு, புள்ளி போச்சு, வாலறுந்தது போச்சு. எவ்வளவு மரியாதையா எடுத்துக்குதுங்க பாருன்னு பாய் நெகிழ்ந்து போனாரு.

ஒண்ணு மட்டும் போகல. காதெல்லாம் மொளகாப் பொடி கலர்ல, பெரிய நாயி. காகிதத்த மோந்து பாத்துட்டு காலை நீட்டிப் படுத்துருச்சு. பாய் ரெண்டாவது தடவ படிச்சாரு. மூணாவது தடவ படிச்சாரு. பொழுது சாஞ்சுக்கிட்டே வந்துச்சு. பொன்னழகு கேட்டு கம்பியப் புடிச்சுக்கிட்டு, "அய்யா, கெளம்புங்கய்யா"ன்னு கெஞ்சுனான்.

அப்பத்தான் மொக்கச்சாமி நெத்தியில அடிச்சுக்கிட்டான். "அண்ணே, இது ஆந்திராலருந்து மொளகா லாரி கூட வந்த நாயி. நீங்க பாட்டுக்குத் தமிழ்லயே படிச்சா அதுக்கு எப்படிண்ணே வெளங்கும்?"

நாலு பேருக்கும் தெலுங்கு தெரியாது. தனபாக்கியம்மா வெளக்கமாத்தோட எறங்கி வந்துட்டாங்க. என்ன முடிவு பண்ணீங்கன்னு கேட்டாங்க. ஊரு நாயெல்லாம் விசயத்தப் புரிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு, இது ஒண்ணுக்குத்தான் பாசை தெரியாம நிக்குது, இன்னும் ஒரு மணி நேரம் குடுங்கம்மா, ரயில்வே ஸ்டேசன்ல யாராச்சும் தெலுங்குக்காரரக் கூட்டிட்டு வந்துடுறோம்னு பொன்னழகு கும்பிட்டான்.

அந்தம்மா நாயப் பாத்தாங்க. நாலு பேரையும் பாத்தாங்க. வெளக்கமாத்தச் செவுத்துல சாத்தி வச்சுட்டு, "அந்தக் காகிதத்தக் குடு" அப்படின்னாங்க.

அவங்க வீட்டுல பேசுறது தெலுங்குதான். நாய்க்கிட்டக்கப் போயி, சீலைய ஒதுக்கிக்கிட்டுக் குனிஞ்சு, நெதானமா எடுத்துச் சொன்னாங்க. கோவமாச் சொல்லல. சம்பந்தம் பேச வந்தவங்கள மனசு நோகாமத் திருப்பி அனுப்புற மாதிரி, காகிதத்துல வெரல வச்சு வெரல வச்சுச் சொன்னாங்க. அந்த நாயி தலைய ஒரு பக்கமாச் சாச்சுக் கேட்டுச்சு. முடிச்சதும் எந்திரிச்சு, ஒடம்ப ஒரு ஒதறு ஒதறிட்டு, லாரி ஷெட்டப் பாத்து நடந்துருச்சு.

தனபாக்கியம்மா சர்டிபிகேட்ட மடிச்சுப் பொன்னழகு சட்டைப் பையில வச்சாங்க. நாயி இங்கனயே இருக்கட்டும்டான்னாங்க. அவன் அப்படியே தரையில உக்காந்து ஜாங்கிரியோட புனலுக்குள்ள மொகத்த விட்டுக்கிட்டான்.

அந்தம்மா கேட்டச் சாத்தப் போனாங்க. பாதி சாத்துனவங்க, தெருக்கோடியப் பாத்துக்கிட்டே நின்னுட்டாங்க.

"ஏன்டா, மேலத் தெரு நாயிங்க ஒண்ணுகூட இன்னைக்கு வரலையே, அதுங்களுக்கு யாரு சொல்லுவா? இருங்க, செருப்பப் போட்டுக்கிட்டு வர்றேன்."